இழப்பும் ஈடும்: ஒரு சொற்பொருள் ஆய்வு

இழந்த ஒன்றினைக் குறித்துப் பேசுதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உள்ளன. இழந்த பொருளையே திரும்பக் கைக்கொள்ளுதல் மீட்டல். இழந்ததற்கு எதிராகப் பிறிதொன்றை வைத்தல் ஈடு. இழந்தது போன்ற வேறொன்றைத் தன் முயற்சியாற் புதிதாகத் தொகுத்தல் ஈட்டல். இம்மூன்றும் தம்முள் வேறுபட்ட பொருளினவேனும், இற்றை எழுத்து வழக்கில் ஒன்றன் இடத்தில் ஒன்று வந்து நிற்கக் காண்கிறோம். 'இழப்பை மீட்டான்', 'இழப்பை ஈடுசெய்தான்', 'இழப்பை ஈட்டினான்' என்னும் தொடர்கள் ஒரு பொருட் கிளவிகளாகவே கருதப்படுகின்றன.

இதனைச் சொல்லளவில் நேர்ந்த ஒரு நெகிழ்ச்சி என்று விட்டுவிடுதல் கூடும். ஆயின், இம்மூன்று சொற்களும் இழப்பைப் பற்றி மூன்று வேறு கருத்துக்களை முன்னரே கொண்டு நிற்பன. இழந்த பொருள் இன்னும் எங்கோ உளது என்பதை மீட்டல் கொள்ளும். அப்பொருள் இனி இல்லை என்பதை ஈடு ஒப்பும். அப்பொருள் போன்ற மற்றொன்று அதன் இடத்தை நிரப்பும் என்பதை ஈட்டல் நம்பும். ஆகவே சொல்லை மாற்றினால் இழப்பின் தன்மையும், அதனைத் தீர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதும் உடன் மாறும். இவ்வேறுபாட்டைச் சொற்பிறப்பானும் இலக்கிய ஆட்சியானும் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்பிறப்பு

ஈடு என்பது 'இடு' என்னும் வினையடியாகப் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். கெடு கேடு எனவும், பெறு பேறு எனவும், சுடு சூடு எனவும் நீண்டாற் போல இடு ஈடு என நீண்டது. இடப்படுவது ஈடு என்பதே இதன் முதற்பொருள். கடனுக்கு உறுதியாக இடப்படும் அடகுப் பொருளும் ஈடெனப்படும். யாழ்ப்பாண வழக்கில் காணியை ஈடு வைத்தல் என்பர். ஒன்றற்கு எதிராக மற்றொன்றை இட்டு இரண்டும் சமன் எனக் காணும்பொழுது ஈடு என்பதற்கு ஒப்பு என்னும் பொருள் தோன்றுகிறது. 'ஈடு இணையற்ற' என்னும் தொடரில் இப்பொருளே உளது. எதிர் நிற்பதற்கு ஒத்து நிற்கும் ஆற்றல் வலிமையாதலின், 'ஈடுகொடுத்தல்', 'ஈடழிதல்' முதலியவற்றில் வலிமைப் பொருள் வந்தது. அடகு, ஒப்பு, வலி என அகராதிகள் அடுக்கிக் கூறும் பொருள்களை, எதிரே இடப்படுவது என்னும் ஒரு கருத்தின் கிளைகளாகக் கொள்ளலாம் என்று நாம் கருதுகிறோம்.

திருவாய்மொழிக்கு நம்பிள்ளை கூறிய விரிவுரையை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய முப்பத்தாறாயிரப்படி 'ஈடு' எனப் பெயர் பெற்றமைக்குக் காரணங்கள் பல கூறுவர். மூலத்திற்கு ஒப்பாக நிற்பது என்பது அவற்றுள் ஒன்று. அக்காரணத்தைக் கொள்ளின் அதுவும் நம் கருத்துக்கு அரணாகும். உரை மூலத்தின் எதிரே வைக்கப்படுகிறது. எத்துணை ஒப்பினும் அது மூலமாகிவிடுவதில்லை. ஈடு என்னும் சொல்லிலேயே ஒப்புமையும் வேறுபாடும் ஒருங்கே நிற்கின்றன.

ஈட்டல் இதனின் வேறு. 'ஈண்டு' என்பது ஒன்றுகூடுதல், செறிதல் என்னும் பொருள்தரும் தன்வினை. அதன் பிறவினை 'ஈட்டு'. தூண்டு போன்ற பிறவினைகளொடு மயங்காமல், கூண்டு கூட்டு, பூண்டு பூட்டு என்னும் இணைகளொடு ஒலியளவில் இதனை வைத்து எண்ணுக. செல்வம் ஈண்டும், ஒருவன் அதனை ஈட்டுவான். நன்றியில் செல்வம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஆளும் 'ஈட்டம்' என்பதும் பொருளைத் தொகுத்தலையே குறிக்கிறது. இதில் எதிர் வைத்தல் என்னும் கருத்தும், முன்னர் இழந்தமை என்னும் கருத்தும் இல்லை.

இவ்விரு சொற்களும் மயங்குதற்கு எழுத்தொப்புமையே வாயில். ஈடு என்னும் நெடிற்றொடர்க் குற்றியலுகரம் வருமொழியொடு புணருங்கால் டகரம் இரட்டித்து 'ஈட்டுத்தொகை', 'ஈட்டுப்பத்திரம்' என்றாகும். வீடு 'வீட்டுத்தோட்டம்' ஆனதும் இவ்வாறே. 'ஈட்டுபொருள்' என்பதோ வினைத்தொகை. அங்கே வல்லொற்று மிகுதல் இல்லை. ஒரு வல்லொற்றே இரண்டு குடிப்பிறப்பையும் பிரித்துக் காட்டுகிறது. 'இழப்பை ஈட்டினான்' என எழுதுவோர், இழப்பைத் தேடித் தொகுத்தான் என்று எழுதினோராவர்.

மீட்டல் என்பது 'மீள்' என்பதன் பிறவினை. மீண்டான், மீள்வான் என்பன தன்வினை. மீட்டான், மீட்பான் என்பன பிறவினை. மீட்சி தானே திரும்புதலையும், மீட்பு பிறிதொன்றைத் திரும்பக் கொணர்தலையும் குறிக்கும். வீணையை 'மீட்டினான்' என்பது வேறு வினை. அதன் வடிவத்தைக் கடன்கொண்டு 'நகையை மீட்டினான்' என எழுதுதல் வழுவாம்.

2. இழப்பீடு என்னும் தொகை

ஈடு என முடியும் சொற்கள் இன்று பெருகியுள்ளன. மதிப்பீடு, வெளியீடு, முதலீடு, குறியீடு, முறையீடு, தலையீடு, ஒப்பீடு என்பன அவற்றுட் சில. இவற்றின் நிரலில் இழப்பீடும் வைத்து எண்ணப்படுகிறது. அவ்வாறு எண்ணுதல் பொருந்துமோ என ஆராய்தல் வேண்டும்.

மதிப்பீட்டிற்கு மதிப்பிடு என்னும் வினை உளது. வெளியீட்டிற்கு வெளியிடு, முதலீட்டிற்கு முதலிடு, முறையீட்டிற்கு முறையிடு என வினைகள் உள. இவற்றில் ஈடு என்பது இடுதல் என்னும் தொழிலளவாக நிற்கிறது. இழப்பீட்டிற்கோ 'இழப்பிடு' என ஒரு வினை இல்லை. இழப்பை இடுதல் என விரித்தால் பொருள் நேர்மாறாகும். எனவே இழப்புக்கு ஈடு எனவே விரித்தல் வேண்டும். இது நான்காம் வேற்றுமைத் தொகை. இங்கு ஈடு வெறுந் தொழிற்பெயரன்று. எதிரே இடப்படும் பொருளைக் குறிக்கும் ஆகுபெயர். இலங்கையிலும் தமிழகத்திலும் வழங்கும் நட்டஈடு என்னும் சொல்லும் இவ்வகையினதே.

வேற்றுமை நோக்கியவழி மூன்று சொற்களின் எல்லையும் தெளிவாகும். மீட்டல் இரண்டாம் வேற்றுமையால் இழந்த பொருளைக் கொள்ளும்: இழந்த நிலத்தை மீட்டான். ஈடு நான்காம் வேற்றுமையால் இழப்பை நோக்கும்: இழப்புக்கு ஈடு தந்தான். ஈட்டல் இரண்டாம் வேற்றுமையால் புதுப்பொருளைக் கொள்ளும்: பொருளை ஈட்டினான். செய்வோரும் வேறாவர். மீட்பவன் இழந்தவனோ அவன் சார்பினனோ ஆவான். எதிரே பொருளைக் கைக்கொண்டான் ஒருவன் இருப்பான். ஈடு தருபவன் இழப்பிற்குக் கடப்பாடுடையவன். ஈட்டுபவனோ எவர்மீதும் வழக்கின்றித் தன் தாளையே நம்பி நிற்கும் இழந்தவன். ஈடு என வேண்டிய இடத்தில் ஈட்டல் என எழுதினால், தருவோன் மறைந்து இழந்தவன் தலையிலேயே சுமை ஏறுகிறது.

இழப்பைக் குறிக்கும் சொல்லின் வரலாறும் கருதத்தக்கது. ஊழ் அதிகாரத்தில் வரும் 'இழவூழ்' என்னும் தொகையில் இழவு பொதுவாக இழத்தலைக் குறித்தது. இன்றோ பேச்சு வழக்கில் இழவு என்பது சாவையே குறிக்கிறது. பொதுப்பொருளை இழப்பு என்னும் சொல் ஏற்றுக்கொண்டது. மீட்டற்கும் ஈட்டற்கும் இயலாத இழப்பிற்கு மக்கள் தனியே ஒரு சொல்லை ஒதுக்கிக்கொண்டனர் போலும்.

3. நிரையும் நடுகல்லும்

மீட்டல் என்னும் சொல்லின் உரிய நிலம் கரந்தைத் திணை. பகைவர் கவர்ந்த ஆனிரையை அதற்குரியோர் பொருது திரும்பக் கொணர்தல் அது. தொல்காப்பியர் இதனை வெட்சியுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் கரந்தையைத் தனித் திணையாக்கிப் பன்னிரு திணை வகுத்தார். கவர்தலும் மீட்டலும் ஒரு நிகழ்ச்சியின் இரு கூறுகளா, தனித்தனி ஒழுக்கங்களா என்பதே அவ்விருவர்க்கும் இடைநின்ற வேறுபாடு. எங்ஙனம் கொள்ளினும் மீட்கப்படுவது கவரப்பட்ட அந்நிரையே. அதற்கு ஈடாக வேறு நிரையைக் கவர்ந்து வருதல் மீண்டும் வெட்சியாகுமே ஒழியக் கரந்தையாகாது.

செங்கம் பகுதியிலும் பிற இடங்களிலும் கிடைத்த நடுகற்கள் 'தொறு மீட்டுப் பட்டான்' என்னும் வாய்பாட்டால் வீரரைப் போற்றுகின்றன. தொறு என்பது ஆனிரை. படுதல் என்பது இறத்தல். நிரையை மீட்டு மாண்டான் என்பது பொருள். ஒரு சிறு தொடருள் மீட்கப்பட்டதும் மீளாததும் அடுத்தடுத்து நிற்கின்றன. நிரை ஊர் திரும்பியது, வீரன் திரும்பவில்லை.

மாண்ட வீரனின் குடியினர்க்கு நிலம் விடுதல் உண்டு. கல்வெட்டுக்கள் அதனை 'உதிரப்பட்டி' என்னும் பெயரால் வழங்குகின்றன. இப்பெயரை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். இன்றைய வழக்கின்படி அது ஓர் இழப்பீடே. ஆயின் பெயரிட்டோர் ஈடு என்னும் சொல்லை ஆளவில்லை. சிந்திய குருதியையே நிலத்தின் பெயராக வைத்தனர். இந்நிலம் அவ்வுயிர்க்குச் சமன் என்னும் கூற்று அப்பெயரில் இல்லை. இந்நிலம் எதனால் வந்தது என்னும் நினைவே உளது. உழுதுண்ணும் வழித்தோன்றல் நிலத்தின் பெயரைச் சொல்லுந்தோறும் குருதியைச் சொன்னான்.

4. சிலம்பில் மூன்று வழிகளும்

இழப்பும் அதன் தீர்வும் பற்றிய காப்பியம் எனச் சிலப்பதிகாரத்தைக் கொள்ளுதல் மிகையாகாது. கனாத்திறம் உரைத்த காதையில் கோவலன் மாதவியைப் பிரிந்து மனை திரும்புகிறான். குலந்தரு வான்பொருளைத் தொலைத்த நாணத்தைக் கூறுகிறான். கண்ணகி சிலம்பு உள என்கிறாள். அச்சிலம்பை முதலாகக் கொண்டு, போன அணிகலனையும் அழிந்த பொருளையும் மதுரையிற் சென்று தேடுதல் தன் கருத்து என்கிறான் அவன். அங்கே இளங்கோவடிகள் அவன் வாயில் வைத்த சொல் 'ஈட்டுதல்'.

இச்சொல்லாட்சி கோவலன் உள்ளத்தை நுட்பமாகக் காட்டுகிறது. பொருள் போனது மாதவி மனையில். அதனை அங்கிருந்து திரும்பக் கொள்ளும் எண்ணம் அவனுக்கு இல்லை. தானே விரும்பிக் கொடுத்ததனை மீட்டல் என்பது வழக்காகாது. எவரும் ஈடு தரக் கடப்பாடுடையரும் அல்லர். எஞ்சியது ஈட்டலே. முதல் வைத்துப் பொருள் பெருக்குதல் வணிகர் மரபு. பொற்காசு எதுவாயினும் பொற்காசே. சென்றதன் இடத்தை வருவது நிரப்பும் என்பது அம்மரபின் துணிபு. அத்துணிபு செல்வத்தைப் பொறுத்தவரை குற்றமுடையதன்று. ஆனால் அவன் முதலாகக் கொண்ட சிலம்பு அத்தகைய பொருளன்று. அதற்கு இணை ஒன்றே ஒன்று. அதுவும் கண்ணகி காலில் இருந்தது. பிறிதொரு சிலம்போடு மாறிக் கொள்ளத்தக்கது என மதுரையில் கருதப்பட்டமையே அவன் உயிரைக் கொண்டது. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் பரலாக இருந்தமை, ஒன்று மற்றொன்றாகாது என்பதற்குச் சான்றாயிற்று.

இழப்புக்களை எண்ணிப் பார்ப்பின் இன்னொன்றும் புலனாகும். கண்ணகி இழந்தவற்றுள் உண்மையில் மீண்டது ஒன்றே, அவள் கணவன். அவன் தானே மீண்டான். போன பொருளை ஈட்டப் புகுந்த முயற்சியில், மீண்ட அவன் மீளாதவனானான்.

வழக்குரை காதையில் ஈடு என்னும் வழி ஆராயப்படுகிறது. கண்ணகி பொருள் வேண்டி வரவில்லை. கணவன் கள்வனல்லன் என்பதை நிறுவ வந்தாள். சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்டவுடன் பாண்டியன் உயிர் துறக்கிறான். அவன் உயிர் கோவலன் உயிர்க்கு ஈடாயிற்றோ? காப்பியத்துள்ளேயே இதற்கு இரண்டு விடைகள் உள்ளன. முதல் விடை கோப்பெருந்தேவியுடையது. கணவனை இழந்தவர்க்கு எடுத்துக் காட்டுதற்கு ஒன்றும் இல்லை என்னும் உணர்வோடு அவள் கண்ணகியின் அடி தொழுது வீழ்கிறாள். தாய் தந்தையரை இழந்தோர்க்கு அம்முறையினராகப் பிறரைக் காட்டி ஆற்றுவித்தல் கூடும், கணவனை இழந்தார்க்கு அது கூடாது என உரையாளர் விளக்குவர். எதிரே இடத்தக்கது எதுவும் இல்லை என்பதன்றோ இதன் பொருள்? ஈடு என்னும் சொல்லைக் கூறாமலே ஈட்டின் எல்லையை வகுத்த இடம் இதுவென்க.

இரண்டாம் விடை வஞ்சிக் காண்டத்தில் செங்குட்டுவனுடையது. பாண்டியன் நிலையைக் கேட்ட அவன், தீவினை வளைத்த கோலை அவன் பிரிந்த உயிர் நிமிர்த்தது என்று பாராட்டுகிறான். இங்கே உயிர் ஒன்று ஈடாக வைக்கப்பட்டது உண்மையே. ஆயின் அது எதற்கு ஈடு? வளைந்த செங்கோலுக்கு ஈடு, கோவலனுக்கன்று. அரச நீதி தன் இழப்பை ஈடுசெய்துகொண்டது. கண்ணகியின் இழப்பு அவ்வாறே நின்றது. இவ்விரு கணக்குகளையும் ஒன்றாக்காமை இளங்கோவடிகளின் பெருமை.

5. மனுநீதி

பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் சேக்கிழார் கூறும் மனுநீதிச் சோழன் வரலாறும் இங்கு ஒப்புநோக்கற்பாலது. அரசிளங்குமரன் தேர்க்காலிற் பட்டு ஆன்கன்று இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. நூல்வழிக் கழுவாய் செய்தல் போதும் என அமைச்சர் கூறினர். அரசன் அதனை ஏற்கவில்லை. தன் மகனைத் தேர்க்காலில் இடத் துணிந்தான்.

கழுவாய் என்பது செய்தவன் பழியைக் கழுவுவது. அது இழந்தவளை நோக்குவதன்று. அரசன் அதனை மறுத்து, பசு உறும் துயரைத் தானும் உறுதலே தக்கது என்றான். துயருக்குத் துயர் எதிர் வைக்கப்பட்டது. இது ஈட்டின் மிக உயர்ந்த வடிவம். ஆயினும் மகனை இழந்த அரசனைக் கண்டு பசுவிற்குக் கன்று கிடைத்துவிடவில்லை. இறைவன் வெளிப்பட்ட பின்னரே கன்றும் அரசிளங்குமரனும் உயிர்விட்ட அமைச்சனும் எழுந்தனர். அஃது ஒன்றே மீட்பு. உயிரை மீட்டலைத் தெய்வத்திற்கே உரியதாக்கி, மனிதர் செய்யத்தக்கதனை ஈட்டளவில் நிறுத்திய வகையால், சேக்கிழாரும் இவ்வேறுபாட்டைக் காத்தவராகிறார்.

6. இற்றை வழக்கு

வழக்கே வலிது, மக்கள் மூன்றையும் ஒன்றாகக் கொண்டால் நாம் பிரித்தல் எற்றுக்கு என வினவுவார் உளராகலாம். பேச்சு வழக்கு இவற்றை மயக்கவில்லை என்பதே எம் விடை. அடகு நகையை மீட்டான் என்பரேயன்றி, நகையை ஈடுசெய்தான் என எவரும் கூறார். களவுபோன நகைக்கு ஈடாக வேறொன்று செய்து போட்டான் என்பர்.

சூதாடுவோரும் நட்டமுற்ற சிறு வணிகரும் கூறும் 'விட்டதைப் பிடித்தல்' என்னும் தொடரும் எண்ணத்தக்கது. சூதில் தோற்ற பணம் பிறன் உடைமையாகிவிட்டது. ஆடுவோன் அதனைத் தன் பொருள் எனவே கருதி மீட்கப் புகுகிறான். இழக்குந்தோறும் சூதின்மேற் காதல் பெருகும் என வள்ளுவர் கூறியதன் உளவியல் இம்மயக்கத்தில் உளது. ஈட்டலை மீட்டல் எனக் கொண்டவன் நிறுத்துமிடம் அறியான்.

சட்ட வழக்கிலும் வேறுபாடு தேவைப்படுகிறது. நிலம் கையகப்படுத்தல் பற்றி இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டம் இழப்பீட்டைத் தனியாகவும், மறுவாழ்வையும் மீள்குடியமர்வையும் தனியாகவும் தன் பெயரிலேயே கூறுகிறது. நிலத்திற்குப் பணம் ஈடாகலாம். வாழ்வு பணத்தளவில் அமையாது என்பது அப்பிரிவின் கருத்து.

ஈழத்து நிகழ்ச்சி இதனினும் கூர்மையானது. இலங்கையில் காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்திற்கு 2016-இலும், இழப்பீட்டுக்கான அலுவலகத்திற்கு 2018-இலும் சட்டங்கள் இயற்றப்பெற்றன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் தொடர் போராட்டம் நடத்திய உறவினர் பலர் இழப்பீட்டை ஏற்க மறுத்தனர். தம் பிள்ளைகள் எங்கே என்பதே அவர்கள் வினா. தொகை சிறிது என்பதன்று அவர்கள் மறுப்பின் வேர். ஈட்டைக் கொள்வோர் இழப்பை ஒப்பியவராவர். மீட்பை வேண்டுவோர்க்கு ஈட்டை நீட்டுதல், அவர்கள் ஒப்பாத ஒன்றனை அவர்கள் வாயாற் சொல்லுவித்தலாகும். அகராதியில் ஒரே வரியில் அடங்கும் இரு சொற்களின் இடைவெளி, ஒரு தாயின் வாழ்வில் எத்துணை அகலமுடையது என்பதை இதனால் அறிகிறோம்.

7. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் போதருவன இவை. இழந்த பொருள் உளதாகவும், அதனைக் கொண்டார் ஒருவர் உளராகவும் இருந்தால் மீட்டல் என்க. பொருள் இலதாகி, அதற்குக் கடப்பாடுடையார் பிறிதொன்று தந்தால் ஈடு என்க. இழந்தவன் தன் முயற்சியால் அத்தகையதனைத் தேடிக்கொண்டால் ஈட்டல் என்க. 'இழப்பை மீட்டல்' என்பதனை 'இழந்ததை மீட்டல்' எனத் திருத்துதலும், 'இழப்பை ஈட்டல்' என்பதனை ஒழித்தலும் நன்று. அகராதி தொகுப்போர் இழப்பீடு என்னும் சொல்லை மதிப்பீடு முதலியவற்றின் நிரலில் வையாது, நான்காம் வேற்றுமைத் தொகையாக விரித்துக் காட்டுதல் வேண்டும்.

உயிரிழப்பைப் பொறுத்தவரை, தரப்படும் தொகை எத்துணைப் பெரிதாயினும், ஈடு என்னும் சொல் ஒப்புமைப் பொருளை முழுதும் பெறுவதில்லை. எதிரே இடப்பட்டது என்னும் முதற்பொருளளவிலேயே நின்றுவிடுகிறது. உதிரப்பட்டி எனப் பெயரிட்ட கல்வெட்டுக் காலத்து ஊரார் இதனை உணர்ந்திருந்தனர். கல்வெட்டுக்களில் இவ்வகைக் கொடைகளுக்கு வழங்கும் பெயர்கள் அனைத்தையும் திரட்டி, அவற்றுள் எவை இழப்பைச் சுட்டுகின்றன, எவை ஒப்பைச் சுட்டுகின்றன எனப் பகுத்து ஆராய்தல் பயனுடைய பணியாகும். அப்பணியை இளைய ஆய்வாளர் மேற்கொள்வாராக.